நிலைமின்சாரமும் காற்றின் ஈரமும்: ஒரு வரலாற்று நோக்கு

நெகிழி அளவுகோலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கச் செய்யும் சோதனையைப் பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் செய்திருக்கிறோம். மழைநாளில் அச்சோதனை பெரும்பாலும் நம்மை ஏமாற்றிவிடும். அச்சிறு ஏமாற்றத்திற்குப் பின்னால் நானூறு ஆண்டு வரலாறு உண்டு.

1600ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட், காந்தம் பற்றிய தம் நூலில், தேய்க்கப்பட்ட பொருளின் ஈர்ப்பாற்றல் ஈரக் காற்றில் குன்றுவதைக் குறிப்பிட்டார். 1729இல் ஸ்டீபன் கிரே, மின்சாரத்தைக் கடத்தும் பொருள் வேறு, கடத்தாத பொருள் வேறு என்று சோதனைகளால் காட்டினார். இவ்விரண்டையும் இணைத்து நோக்கினால் காரணம் விளங்கும். ஈரக் காற்றில் பொருளின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் படிகிறது. மின்னூட்டம் அதன் வழியே கசிந்து விடுகிறது.

ஆய்வாளருக்குப் பகையான ஈரம் ஆலைகளுக்கு நட்பாயிற்று. வறண்ட காற்றில் பஞ்சிழைகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்கும், நூல் அறுபடும். எனவே நூற்பாலைகள் காற்றுக்கு ஈரமூட்டின. 1906இல் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர் 'ஏர் கண்டிஷனிங்' என்னும் தொடரை வழங்கியதும் இப்பணியை ஒட்டியே ஆகும்.

பின்னர் மின்னணுத் தொழில் வளர்ந்தது. 1968இல் நேஷனல் செமிகண்டக்டரும் 1969இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் சிங்கப்பூருக்கு வந்தன. 1972இல் இண்டல் பினாங்கில் ஆலை அமைத்தது. சில்லின் உள்ளே இருக்கும் மின்காப்புப் படலம் மிக மெல்லியது. மனிதர் உணரும் மின்னதிர்வு ஏறத்தாழ 3,000 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. சில சில்லுகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவான மின்னிறக்கத்திலேயே பழுதாகும். தொட்டவர் எதையும் உணர்வதில்லை. அரைகுறையாகக் காயமுற்ற சில்லு ஆலையின் சோதனையில் தேறிவிட்டு, வாங்கியவர் கையில் செயலிழப்பதும் உண்டு.

அமெரிக்கத் தற்காப்புத் துறை 1980இல் வெளியிட்ட கையேடு, கம்பளத்தின்மீது நடப்பவர் உடலில் 10 முதல் 20 விழுக்காடு ஈரப்பதத்தில் 35,000 வோல்ட் வரை தோன்றலாம் என்றது. 65 முதல் 90 விழுக்காட்டில் அது 1,500 வோல்ட்டே. ஈரம் இடரைக் குறைக்கிறது, அறவே நீக்குவதில்லை.

இங்குதான் சிக்கல் எழுகிறது. சில்லுகளைப் பொதியும் இளஞ்சிவப்பு நெகிழிப் பையில் கலந்துள்ள வேதிப்பொருள் மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள நீரை ஈர்த்தே மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. நம் நாட்டு ஈரக் காற்றில் அது செவ்வனே பணி செய்யும். அதே பை குளிர்காலத்தில் வடநாடு ஒன்றைச் சென்றடைந்தால், சூடேற்றப்பட்ட அறையின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருக்கக்கூடும். ஈர்த்துக்கொள்ள நீர் இல்லாதபோது பாதுகாப்புப் பை வெறும் நெகிழிப் பையாகிவிடும்.

ஆகவே, 1982இல் அமெரிக்காவில் தோன்றிய நிலைமின்னிறக்கச் சங்கம் வகுத்த தரமுறைகள் வறண்ட காற்றையே முதன்மைச் சோதனைக் களமாக்கின. ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 12 விழுக்காடு ஈரப்பதத்திலும் பொருளைக் குறைந்தது 48 மணி நேரம் அடைத்து வைப்பர். பின்னர் அச்சூழலிலேயே மின்முனைகளை வைத்து மேற்பரப்பு மின்தடையை அளப்பர். தடை மிகக் குறைந்தால் மின்னூட்டம் திடீரெனப் பாயும். மிக உயர்ந்தால் வெளியேறவே வழியிராது. 10,000 ஓமுக்கும் 100 பில்லியன் ஓமுக்கும் இடைப்பட்ட தடையே மின்னூட்டத்தை மெல்லக் கசியவிடும். 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் அளந்து ஒப்பிட்டால், பொருள் தன் இயல்பால் காக்கிறதா, காற்றின் தயவால் காக்கிறதா என்பது வெளிப்படும்.

கில்பர்ட் இடையூறாகக் கண்ட ஈரத்தை ஆலைகள் துணையாகக் கொண்டன. தரமுறைகளோ அத்துணையை விலக்கிவிட்டுப் பொருளின் உண்மை வலிமையைக் கேட்கின்றன. ஈரம் மிகுந்த நிலத்தில் வாழும் நமக்கு இது தனிப்பாடம். வகுப்பறையில் அடுத்தமுறை அளவுகோலைத் தேய்க்கும்போது, ஈர்ப்பு நிகழ்ந்ததா என்பதோடு அன்றைய ஈரப்பதத்தையும் மாணவர் குறிப்பேட்டில் எழுதட்டும். சூழலைச் சொல்லாத அளவீடு பாதி உண்மையே.