நான்கு மீட்டர்

ஐப்பசி பிறந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டம் இரண்டு தவணையாக வரும். முதல் தவணை மழையோடு வரும். காதுக்குள் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, அரிப்பும் அடைப்புமாக வருகிறவர்கள் இவர்கள். பாதிப்பேர் வீட்டிலேயே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். இரண்டாம் தவணை தீபாவளிக்கு மறுநாள் வரும். கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோமெட்ரி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு தவணையும் எனக்குப் பழக்கம். ஆனால் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன், ஏனென்றால் நான் சாத்தூர்க்காரன். சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்குச் சோறு போட்டது பட்டாசு.

வெடிச்சத்தம் நம் பண்டிகைக்குப் புதிதல்ல. 1443இல் பாரசீக மன்னர் ஷாருக்கின் தூதராக விஜயநகரத்துக்கு வந்த அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் போர்த்துகீசியரான பயஸும் அதே விழாவைப் பற்றி எழுதினார். அரண்மனைச் செலவு, கைதேர்ந்த ஆட்கள், தள்ளி நின்று பார்க்கும் ஜனம் என்று அது நடந்தது. கோயில் திருவிழாவிலும் இதே ஏற்பாடுதான். எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கொடையில் இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து அதிர்வேட்டு போடுவார்கள். வேட்டுக்காரர் ஒருவர்தான் கிட்டே போவார், மற்றவர்களை ஊருக்கு வெளியே பொட்டலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார்கள். அவரிடம் பேச வேண்டுமென்றால் தோளைத் தொட்டுத் திருப்பி, வாயைப் பார்க்க வைத்துத்தான் பேச வேண்டும். ஊர் முழுக்கக் கேட்ட சத்தத்துக்கு ஒருவருடைய காது போனது. அதை யாரும் நோய் என்று நினைத்ததில்லை, தொழிலோடு வந்தது என்று விட்டுவிட்டார்கள்.

இந்தத் தூரத்தை அழித்தது சிவகாசி. குறையாகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான். மழை பொய்த்த கரிசல் பூமியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு வருடமே ஊரில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னாலேயே மத்தாப்பு வந்தது, அதற்குப் பின்னால் வெடி. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு உரிமம் வாங்கிய பட்டாசு ஆலைகள் எழுந்தன. அரண்மனையும் கோயிலும் வைத்திருந்த சத்தம் காகிதத்தில் சுற்றி, லேபிள் ஒட்டி, தெருமுனைக் கடைக்கு வந்து சேர்ந்தது. குருவி வெடி, லட்சுமி வெடி, யானை வெடி என்று தொடங்கிய பெயர்கள் அணுகுண்டு, ஹைட்ரஜன் பாம் என்று வளர்ந்ததைக் கவனியுங்கள். ஜனம் எதற்குக் காசு கொடுத்தது என்பதை அந்த வரிசையே சொல்லும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கு மேல் சணல் நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். சுற்று இறுக இறுகச் சத்தம் கூடும். என் சித்தி வீட்டுத் திண்ணையில் சணல் சுற்றிக் காய்த்துப்போன விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

திரியைப் பற்றவைப்பவர் இப்போது வேட்டுக்காரர் அல்ல, பத்து வயதுப் பையன். திரி எரிந்து முடிவதற்குள் அவனால் தூரமாக ஓடிவிட முடியும். ஆனால் ஓடமாட்டான். இரண்டு எட்டு வைத்துத் திரும்பி நின்று பார்ப்பான்.

செவிப்பறை கிழிந்து வருகிற பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை கிடையாது. ரத்தத்தைப் பார்த்துப் பதறி அன்றைக்கே கூட்டிவந்துவிடுவார்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் சின்னக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். ரத்தம் வராத காதுதான் ஏமாற்றும். உள்காதில் நத்தைக் கூடு போன்ற சுருளுக்குள் இருக்கும் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. சில்வண்டு மாதிரி இரைச்சல், பஞ்சடைத்த மாதிரி மந்தம், “ரெண்டு நாளில் சரியாகிவிடும்” என்ற சமாதானம், அப்புறம் பொங்கல் கழித்து எங்களிடம். ஆடியோகிராமில் கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் திடீரென்று பள்ளத்தில் இறங்கி ஏறும். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் “தீபாவளிக்கு என்ன வெடி போட்டாய்?” என்றுதான் கேட்பேன்.

சட்டம் 1999 அக்டோபரில்தான் பட்டாசின் சத்தத்துக்கு அளவு வைத்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் ஏ-ஐ, அல்லது உச்ச அளவாக 145 டெசிபல் சி, அதற்கு மேல் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்தவெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும். 4 மீட்டரில் 145 என்றால் 2 மீட்டரில் 151, ஒரு மீட்டரில் 157. இரண்டு பக்கமும் சுவர் உள்ள சந்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். அதே 1999இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், காதுக்கு வந்து சேரும் உச்ச சத்தம் பெரியவர்களுக்கு 140 டெசிபலையும் குழந்தைகளுக்கு 120 டெசிபலையும் தாண்டக் கூடாது என்றிருந்தது. நம் விதி வெடியை அளந்ததே தவிர, பற்றவைப்பவனின் காதை அளக்கவில்லை. விதியை எழுதியவர்கள் எந்தத் தெருவில் தீபாவளி கொண்டாடினார்களோ!

நீதிமன்றம் அளவோடு நிற்காமல் நேரத்தையும் பிடித்தது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடி வெடிக்கத் தடை போட்டது. அந்த வழக்கு பட்டாசில் தொடங்கியதல்ல. ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒரு சிறுமியின் கூக்குரல் யாருக்கும் கேட்காமல் போன கொடுமையைப் பத்திரிகையில் படித்து ஒரு பொறியாளர் போட்ட மனு அது. வடக்கே தீபாவளி இருட்டிய பிறகு. நமக்கோ விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு முதல் வெடி. ஆகவே அந்த உத்தரவு நம் ஊரில் நான்கு மணி வெடியைத்தான் குறிவைத்தது, ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2018 அக்டோபரில் வேறொரு வழக்கில், இரவு 8 முதல் 10 வரை மட்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழக அரசு நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கி, காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று வைத்தது. சரவெடிக்கும் அப்போதுதான் தடை வந்தது. அந்த வழக்கு கைக்குழந்தைகள் பெயரில் காற்றுக்காக, நுரையீரலுக்காக 2015இல் போடப்பட்டது. காதுக்குக் கிடைத்தது உபரி லாபம்தான்.

அக்கம்பக்கத்தார் இப்போதும் என்னிடம் யோசனை கேட்பார்கள். காதில் திணிக்கும் பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது, மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் வாங்குங்கள் என்பேன். ஊதுபத்தியை நீளக் குச்சியில் கட்டி, பற்றியதும் எட்டு எட்டாவது ஓடச் சொல்லுங்கள். பச்சைக் குழந்தையை வாசலுக்கே கொண்டுவராதீர்கள். இரைச்சல் மறுநாள் காலையிலும் இருந்தால் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், உடனே வந்தால் கொஞ்சமாவது மீட்கப் பார்க்கலாம். காதில் ரத்தம் கண்டால் எண்ணெயும் வேண்டாம், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.