கிஷினேவ் 1903: கலகமும் அதன் சூத்திரமும்

ருஷ்யப் பேரரசின் யூதருக்கு எதிரான வன்செயல்கள் பொதுமக்களின் திடீர்ச் சினத்தால் விளைந்தனவா, அரசின் திட்டத்தால் விளைந்தனவா என்ற வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. 1903 ஆம் ஆண்டின் கிஷினேவ் நிகழ்ச்சியை நோக்குமிடத்து, வினாவே பிழையாக அமைந்துள்ளதோ என எண்ணத் தோன்றும்.

1881 இல் சார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டதைத் தொடர்ந்து எலிசவேத்கிராத்தில் மூண்ட கலகம் தென் ருஷ்யா எங்கும் பரவியது. அதற்கு அரசு கண்ட பரிகாரம் 1882 இன் மேமாதச் சட்டங்கள். கிராமங்களிற் புதிதாகக் குடியேறும் உரிமை யூதருக்கு மறுக்கப்பட்டது. தாக்கப்பட்டவனே குற்றவாளி என்பது இவ்வாறு சட்டமாயிற்று.

பெசராபியாவின் தலைநகரான கிஷினேவில் 1897 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி யூதர் ஏறக்குறைய அரைப்பங்கினர். அங்கு பவெல் குருஷெவான் நடத்திய 'பெசராபெற்ஸ்' பத்திரிகை இடைவிடாது யூதப் பகைமையை வளர்த்தது. 1903 பெப்ரவரியில் டுபொசாரியில் ஒரு கிறித்தவச் சிறுவன் கொலையுண்டபோது, பஸ்கா அப்பத்திற்கு இரத்தம் வேண்டி யூதர் செய்த கொலை இதுவென்ற பழைய பழி மீண்டும் அச்சேறியது. விசாரணை அதனைப் பொய்யாக்கியது. ஆனால் வதந்தி நகரெங்கும் பரவிவிட்டது. உயிர்த்த ஞாயிறன்று யூதரைத் தண்டிக்கச் சார் மன்னன் அனுமதித்துள்ளான் எனத் துண்டுப்பிரசுரங்களும் உலாவின.

ஏப்ரல் 19 ஆந் திகதி ஞாயிறன்று யன்னல்களுக்குக் கல்லெறிவதில் தொடங்கிய கலகம் மறுநாட் கொலையாகவும் வன்புணர்ச்சியாகவும் மாறியது. தடிகளுடன் தற்காப்புக்கெனத் திரண்ட யூதரைப் பொலிசார் கலைத்தனர், கொள்ளையரைக் கலைக்கவில்லை. நகரிலே படை இருந்தும் ஆளுநர் வொன் ராபென் தயங்கி நின்றார். திங்கள் மாலை படைக்கு உறுதியான கட்டளை பிறந்ததும் கலகம் சில மணி நேரத்தில் அடங்கத் தொடங்கியது. அதற்குள் நாற்பத்தொன்பது யூதர் மாண்டிருந்தனர். இத்தனை எளிதாக அடக்கக்கூடியதை ஏன் முதல்நாளே அடக்கவில்லை என்பதே அரசின் மீதான உண்மையான குற்றச்சாட்டு.

உள்துறை அமைச்சர் பிளேவேயின் இரகசியக் கடிதமென இலண்டன் 'ரைம்ஸ்' வெளியிட்ட சான்று போலியென்பதே இன்றைய ஆய்வாளர் பெரும்பாலாரின் முடிவு. தலைநகரிலிருந்து கட்டளை வந்ததாக நிறுவ முடியவில்லை. கட்டளை தேவைப்படவுமில்லை. பத்திரிகை பழியைத் தந்தது, சட்டம் இழிநிலையைத் தந்தது, பொலிசாரின் மௌனம் அனுமதியைத் தந்தது.

மூடிய கதவுகளுக்குள் நிகழ்ந்த வழக்குகளில் தெருவிற் கொள்ளையிட்டோர் தண்டிக்கப்பட்டனர். குருஷெவானோ அதே ஆண்டிலேயே 'சீயோன் மூப்பரின் நெறிமுறைகள்' என்னும் போலி ஆவணத்தைத் தமது பீற்றர்ஸ்பேர்க் பத்திரிகையில் முதன்முதலாக வெளியிட்டார். 1907 இல் அவர் கிஷினேவிலிருந்து இரண்டாம் தூமாவுக்குத் தெரிவானார்.