காவல் கூலியும் கைரேகையும்



ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவில் திருட்டுப் பேச்சுதான். பூட்டியிருந்த இரண்டு வீடுகளை உடைத்துவிட்டார்கள். கேமராவை எங்கே மாட்டுவது, இரும்புக் கதவு போடலாமா, நாய் வளர்க்கலாமா என்றெல்லாம் பேசினீர்கள். நல்லதுதான். நடுவில் ஒருவர், "எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள்தான், அவர்களுக்கு அது ரத்தத்தில் வருவது" என்று எழுதினார். நாலைந்து பேர் அதற்குக் கைதட்டும் படமும் போட்டிருந்தீர்கள். 33 வருடம் வரலாறு நடத்தியவனுக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போலீஸ் இல்லாத காலத்தில் நம் மதுரைப் பக்கத்தில் வீட்டையும் மாட்டையும் யார் காத்தார்கள், இந்த "ரத்தத்தில் வருவது" என்ற பேச்சு எப்போது வந்தது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுத்துக்கொண்டது போல இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் திருட்டுப் பயம் புதிதல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவுக் காட்சி ஒன்று உண்டு. இருட்டோடு இருட்டாகத் தெரியாத உடை, இடுப்பில் சுற்றிய நூலேணி, நிலத்தை அகழும் உளி ஆகியவற்றோடு திருடர்கள் வருகிறார்கள். அவர்களைப் பிடிக்க, மழை கொட்டும் இரவிலும் வில்லம்போடு ஊர்க்காப்பாளர்கள் சுற்றுகிறார்கள். திருட்டு நூலைத் திருடனைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்தக் காவலர்கள் என்பது புலவர் காட்டும் பெருமை. சங்க காலத்திலேயே காவல் ஒரு தனித் தொழில்.

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் "பாடிகாவல்" என்ற சொல் வருகிறது. ஊர்க் காவலுக்கும், அதற்காக ஊரார் கொடுத்த வரிக்கும் அதுவே பெயர். புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில், ஊரார் கூடித் தங்கள் ஊரின் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்ற செய்திகள்கூட உண்டு. தங்களால் காத்துக்கொள்ள முடியாதபோது காக்க வல்லவனிடம் ஒப்படைத்தார்கள். பிற்காலத்தில் பாளையக்காரர்கள் வட்டாரம் முழுவதற்கும் வாங்கியது தேசகாவல், அந்தந்த ஊர்க் காவல் தலகாவல் என்று பிரிந்தது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களும், திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கம் மறவர்களும் பெரும்பாலும் இந்தக் காவலைச் செய்தார்கள். கூலி அறுவடையில் களத்திலேயே தானியமாக அளக்கப்படும்.

இதன் உயிர்நாடி அந்தக் கூலியோடு வந்த பொறுப்பு. காவலில் இருக்கும் ஊரில் திருட்டுப் போனால், காவல்காரர் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். இன்று நகை போனால் புகார் எழுதி ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அன்று பொருளோ அதன் விலையோ வந்தாக வேண்டும். மண் சுவரில் கன்னக்கோலால் துளை போட்டு உள்ளே வந்துவிடக்கூடிய காலத்தில், குடியானவன் நிம்மதியாகத் தூங்கியது கதவை நம்பி அல்ல.

இதை நான் பொற்காலமாக்கவில்லை. காவலுக்கு இன்னொரு முகம் இருந்தது. கூலி கொடுக்க மறுத்தவனின் மாடு காணாமல் போகும், வைக்கோற்போர் எரியும். காணாமல் போன மாட்டுக்குத் துப்புச் சொல்ல ஒருவர் வருவார்; அவருக்குத் "துப்புக்கூலி" கொடுக்க வேண்டும். சில நேரம் மாட்டின் விலையில் பாதிவரைகூடப் போகும். பணம் கைமாறியதும் சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். காப்பவனே பறிப்பவனும் ஆகும் ஆபத்து எந்தக் காவலிலும் உண்டு. ஆனால் கேள்வி கேட்க ஊரும், பதில் சொல்ல ஒரு முகமும் இருந்தவரை அது ஓரளவு கட்டுக்குள் இருந்தது என்பது என் எண்ணம்.

கட்டு அறுந்தது கம்பெனி ஆட்சியில். பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விட்டார். 1816-இன் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க் காவலைக் கிராமத் தலைவரிடமும் தலையாரியிடமும் கொடுத்தது. 1859-இல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. காவல் கூலி சட்டத்தின் கண்ணில் செல்லாக்காசு ஆனது. ஆனால் போலீஸ்காரர் இருந்தது தூரத்து டவுனில்; மாட்டைப் பறிகொடுத்தவன் இருந்தது கிராமத்தில். ஆகவே பழைய காவல் சட்டத்துக்கு வெளியே தொடர்ந்தது. ஈடு கட்டும் பொறுப்பு தேய்ந்தது, மிரட்டல் வளர்ந்தது. தலைமுறைகளாகக் காவலில் சோறு தின்ற, வானம் பார்த்த பூமிக் குடும்பங்களுக்கு வேறு பிழைப்பு என்ன என்று அரசாங்கம் யோசிக்கவும் இல்லை.

1896-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் குடியானவர்கள் திருப்பி அடித்தார்கள். பல சாதியாரும் சேர்ந்து "பண்டு" என்று பொதுப்பணம் திரட்டினார்கள். மாடு பறிகொடுத்தவனுக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தார்கள். கள்ளர் காவலை நீக்கிவிட்டுத் தாங்களே காவல் ஆள் போட்டார்கள். இன்று நாம் காலனிச் சங்கம் வைத்துக் காவலாளி போடுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது அங்கே நிற்கவில்லை. வீடுகள் எரிந்தன, பல கள்ளர் குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. காவல் வேலையே செய்யாதவர்களும் அதில் அடிபட்டார்கள். (திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வராதவர் யார்? அந்த மாங்காய்ப் பூட்டுப் புகழ் பிந்தியது. புவிசார் குறியீடு 2019-இல்தான் கிடைத்தது.)

இப்போது அந்த "ரத்தம்" விஷயத்துக்கு வருகிறேன். 1871-இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, அப்படியே திருடன் மகன் திருடன் என்பதுதான் அதன் பின்னால் இருந்த வாதம். சாதியை அரைகுறையாகப் புரிந்துகொண்ட அதிகாரிகளின் கண்டுபிடிப்பு அது. 1911-இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் நீதிமன்றம்கூட அதைக் கேள்வி கேட்க முடியாது. நம் பக்கத்தில் இதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். பெயர் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். குற்றமே செய்யாதவனுக்கும் இதுதான். ஒரு காலத்தில் ஊரார் தூங்குவதற்காக விழித்திருந்தவர்களின் பேரன்கள், மனைவி மக்களைக் காவல் இல்லாமல் வீட்டில் விட்டுவிட்டு, ஸ்டேஷன் திண்ணையில் ராத்திரியைக் கழித்தார்கள். அவர்கள் குடும்பத்தின் பாதுகாப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் மாயக்காள் என்று ஊரில் சொல்வார்கள். இந்தச் சட்டத்துக்கு எதிராக மதுரையில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். கேரளத்துச் செங்கன்னூர்க்காரரை நம் மக்கள் "ரோசாப்பூ துரை" என்று கொண்டாடினார்கள். பின்னர் முத்துராமலிங்கத் தேவரும் பொதுவுடைமைக் கட்சியினரும் போராட, 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952-இல். அதாவது என் அப்பா காலத்துச் செய்தி இது, ஆதி காலத்துக் கதை அல்ல. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்தக் காலத்தில் தொடங்கியவை. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அங்கே எழுத்துக் கற்றவர்கள். குழுவில் போட்ட அந்த வரியை அவர்களும் படித்திருப்பார்கள்.

கேமரா மாட்டுங்கள். வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், பக்கத்து வீட்டில் சாவி கொடுக்காவிட்டாலும் சேதியாவது கொடுங்கள். உடைத்தவன் யார் என்பதைப் போலீஸ் கண்டுபிடிக்கட்டும். அதுவரை எந்த ஊர்ப் பெயரும், சாதிப் பெயரும் குழுவில் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்கப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. தலையாரி பின்னாளில் கிராம உதவியாளர் ஆனார். ராத்திரியில் கம்பைத் தட்டிக்கொண்டு தெருச் சுற்றிய தலையாரியைப் பார்த்தவர்கள் உங்கள் வீடுகளில் இன்னும் இருப்பார்கள். உங்கள் ஊரில் காவல் கூலி எப்படி அளந்தார்கள், மரக்கால் எத்தனை, யார் வாங்கினார்கள் என்று பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் குறித்து வைத்து வருகிறேன்.