விரல்நுனியில் அரிச்சுவடி: வீட்டிலேயே செய்யக்கூடிய தொடுகைக் கருவிகள்

பார்வையுள்ள பிள்ளை முன்பள்ளிக்குப் போகுமுன்பே கடைப் பலகையிலும் பிஸ்கட் உறையிலும் எழுத்துகளைக் கண்டுவிடுகிறது. விழிப்புலனற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பைப் பெரியவர்கள்தான் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் கட்டாயமில்லை.

பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளுக்குள் அடங்கும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. 30 முட்டைகள் கொள்ளும் காகிதத் தட்டை வெட்டினால், இரு நிரல்களில் மும்மூன்று குழிகள் கொண்ட ஐந்து துண்டுகள் கிடைக்கும். குழியில் மேசைப்பந்தை வைத்தால் அது புள்ளி. தமிழ்ப் பிரெயிலில் 1ஆம் குழியில் மட்டும் பந்து இருந்தால் ‘அ’. 1, 3 ஆகியவற்றில் இருந்தால் ‘க’. 2020இல் லெகோ அறக்கட்டளை அறிமுகப்படுத்திய பிரெயில் கட்டைகளும் இதே ஆறு புள்ளிகளையே குமிழ்களாகத் தருகின்றன.

எழுத்துக்கு முன்னர் விரல்கள் பழக வேண்டும். புத்தகப் பிரெயிலில் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் மட்டுமே. எனவே சிரட்டை, தும்பு, சாக்கு, பட்டுத்துணி ஆகியவற்றைத் தடவி வேறுபாடு சொல்லப் பழக்குங்கள். அட்டையில் தடித்த நூலை ஒட்டி, இடமிருந்து வலமாக விரலால் தொடரச் செய்யுங்கள்.

பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் கையைக் கீழே வைத்து, அதன்மேல் பிள்ளையின் கை வர விடுங்கள். விலக நினைத்தால் விலகட்டும்.

மூன்று வயதுக்குட்பட்டோருக்குப் புளியங்கொட்டை, பொத்தான் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். வாயில் போட்டால் மூச்சுக்குழாய் அடைபடக்கூடும்.