முன்னாள் மாணவர் நேர்காணல்: அது தோன்றிய வரலாறும் மாணவர் அறிய வேண்டுவனவும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம்மவர் நாவில் பழகிய பழமொழி. ஒருவரை நேரில் கண்டு பேசினால் அவருடைய உள்ளத்தை அறிந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. இந்த நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற கல்லூரிகள் சில நெடுங்காலமாக ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்து வருகின்றன. கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் மாணவரை, அக்கல்லூரியில் முன்பு பயின்று பட்டம் பெற்ற ஒருவர் சந்தித்து உரையாடுவார். பின்னர்த் தம் கருத்தை எழுதிக் கல்லூரிக்கு அனுப்புவார். இதுவே முன்னாள் மாணவர் நேர்காணல் எனப்படுவது.

அமெரிக்காவில் நடப்பது நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டா. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அக்கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் உளர். அவர்களுள் பலரை இங்கேயே வாழும் முன்னாள் மாணவர்கள் அழைத்துப் பேசுகின்றனர். மதிப்பெண்ணையே துணையாக நம்பி வளர்ந்த நம் பிள்ளைகள், "உன்னைப் பற்றிச் சொல்" என்று ஒருவர் கேட்கும்போது திகைத்து நிற்கின்றனர். அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்தால் திகைப்பு நீங்கும். ஆகவே முதலில் வரலாற்றை நோக்குவோம்.

தேர்வே வாயிலாக இருந்த காலம்

ஹார்வர்டு 1636ஆம் ஆண்டிலும், யேல் 1701ஆம் ஆண்டிலும், பிரின்ஸ்டன் 1746ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இவற்றில் சேர்வதற்கு நுழைவுத் தேர்வே முதன்மையான வழியாக இருந்தது. தேர்வில் தேறியவர் சேர்ந்தனர். தேறாதவருள்ளும் சிலர் குறைந்த பாடங்களோடு சேர்த்துக்கொள்ளப்பட்டனர். இலத்தீனும் கிரேக்கமும் தேர்வுப் பாடங்களாக இருந்தமையால், அவற்றைக் கற்பிக்கும் தனியார் பள்ளிகளிற் படித்த செல்வர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் வந்து சேர்ந்தனர். வாயிலில் காவலர் இல்லை. வாயில் இருக்கும் இடத்தை அறிந்தவரும் சிலரே.

1900ஆம் ஆண்டில் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான தேர்வு ஒன்று வந்தது. அதனால் அரசாங்கப் பள்ளிகளில் பயின்ற அறிவுமிக்க மாணவரும் தேர்வெழுதி உள்ளே வரலாயினர். அவர்களுள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் கணிசமானோர். ஹார்வர்டில் 1900ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்த யூத மாணவர், 1922ஆம் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாயினர். தையற்கடைத் தொழிலாளியின் மகனும் தெருவோர வணிகரின் மகனும் தேர்வு என்னும் ஒரே ஏணியைப் பற்றி மேலேறி வந்தனர்.

பண்பு என்னும் அளவுகோல்

இது கல்லூரித் தலைவர்கள் சிலருக்கு உவப்பாக இல்லை. 1909 முதல் 1933 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த ஆபட் லாரன்ஸ் லோவல், யூத மாணவரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று 1922ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே முயன்றார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆராய அமைக்கப்பட்ட குழு 1923ஆம் ஆண்டில் அத்தகைய வரம்பை ஏற்கவில்லை. எனினும் லோவல் தம் நோக்கத்தைக் கைவிடவில்லை. நேர்வழி அடைபட்டதும் சுற்றுவழி தேடப்பட்டது.

அச்சுற்றுவழியின் பெயர்தான் 'பண்பு'. 1926ஆம் ஆண்டில் ஹார்வர்டு முதலாண்டு மாணவர் எண்ணிக்கையை ஆயிரமாக வரையறுத்தது. இடம் குறைவு என்றால் தெரிந்தெடுத்தல் வேண்டும். தெரிந்தெடுத்தற்கு மதிப்பெண் மட்டும் போதாது, பண்பும் ஆளுமையும் நோக்கப்பெறும் என்று அறிவிக்கப்பட்டது. விண்ணப்பத்தோடு நிழற்படமும் கேட்கப்பட்டது. அதற்கு முன்பே, 1922ஆம் ஆண்டு விண்ணப்பத்தில், பிறந்தது முதல் உன் பெயரோ உன் தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதுண்டா என்னும் வினா இடம்பெற்றிருந்தது. பெயரை மாற்றிக்கொண்டு குடியேறிய குடும்பங்களை இனங்காணவே இவ்வினா என்பதை விளக்க வேண்டியதில்லை. நியூயார்க்கு நகரின் கொலம்பியாவும் இதே காலத்தில் மதம், தந்தையின் தொழில், நிழற்படம், நேர்காணல் ஆகியவற்றைச் சேர்க்கைமுறையிற் புகுத்தியது. அங்கு யூத மாணவரின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்னும் பழமொழி இங்கே எத்தகைய பயன்பாட்டுக்கு உள்ளாயிற்று என்பதை மாணவர் சிந்திக்க வேண்டும். முகம் பார்த்தவர்கள் அகத்தைத் தேடவில்லை, இனத்தைத் தேடினர்.

பழைய மாணவர் பங்கேற்றமை

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரி, எர்னஸ்ட் மார்ட்டின் ஹாப்கின்ஸ் என்பாரின் தலைமையில், 1920களின் தொடக்கத்திலேயே தெரிவுமுறைச் சேர்க்கையை வகுத்தது. படிப்போடு ஆளுமை, வாழும் வட்டாரம், முன்னாள் மாணவரின் பிள்ளைகள் என்னும் உறவு ஆகியனவும் கருதப்பட்டன. நாட்டின் பல பகுதிகளில் வாழ்ந்த முன்னாள் மாணவர்கள் விண்ணப்பதாரரைக் கண்டு மதிப்பிடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். நெடுந்தொலைவிலுள்ள மாணவனைக் கல்லூரி அலுவலர் சென்று காண்பது அரிது. அவ்வூரில் இருக்கும் பழைய மாணவர் காண்பது எளிது. வசதி கருதி எழுந்த இம்முறை, தம்மைப் போன்றவரையே தாம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் அவர்களுக்கு அளித்தது. ஒரே வழக்கத்தில் நன்மையும் தீமையும் பின்னிக் கிடந்தன.

வாயில் விரிந்தமை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காலம் மாறியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் உதவியது. விண்ணப்பங்கள் பெருகின. 1965ஆம் ஆண்டில் யேல் கல்லூரியின் சேர்க்கைத் தலைவராக இன்ஸ்லி கிளார்க் பொறுப்பேற்றார். பழைய தனியார் பள்ளிகளையே நம்பியிராமல் அரசாங்கப் பள்ளிகளிலும் திறமை தேடினார். முன்னாள் மாணவர் பலரின் சினத்துக்கும் ஆளானார். 1969ஆம் ஆண்டில் யேலும் பிரின்ஸ்டனும் இளங்கலைப் படிப்பிற் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. இவ்வாறு புதிதாக நுழைந்தவர்களே பட்டம் பெற்றுப் பின்னாளில் முன்னாள் மாணவர் ஆயினர். ஒரு காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவரின் வழிவந்தோர் இப்போது நேர்காண்பவராக அமர்ந்தனர். கருவி பழையதே, அதனைக் கையாளும் கைகள் மாறின.

நீதிமன்றத்தில் நேர்காணல்

இவ்வழக்கம் மீண்டும் பேசுபொருளானது நம் காலத்தில். ஹார்வர்டு ஆசிய அமெரிக்க மாணவருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுகிறது என்று 2014ஆம் ஆண்டில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் விசாரணை நடந்தது. அப்போது வழக்குத் தொடுத்தோர் வியப்பான ஒன்றைச் சுட்டினர். மாணவரை நேரிற் கண்ட முன்னாள் மாணவர்கள் ஆசிய அமெரிக்கரின் ஆளுமைக்கு வெள்ளையர்க்கு ஒப்பான மதிப்பையே வழங்கினர். பெரும்பாலோரைக் கண்டிராத சேர்க்கை அலுவலர்களோ குறைவான மதிப்பை வழங்கினர் என்பதே அவர்களின் வாதம். பல்கலைக்கழகம் குற்றச்சாட்டை மறுத்தது. பாகுபாடு நோக்கம் இல்லை என்று 2019ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கருதும் முறையைச் செல்லாது என்றது.

வாதிகள் சுட்டியது உண்மையாயின், நூறாண்டுக்கு முன் விலக்குவதற்கு உதவிய நேருக்கு நேர் சந்திப்பு, இப்போது மாணவர் பக்கம் நின்றது எனலாம். வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் அரியன.

இன்று எதிர்பார்க்க வேண்டுவன

எல்லாக் கல்லூரிகளும் இம்முறையை இன்று போற்றுவதில்லை. கொலம்பியா 2023ஆம் ஆண்டில் நேர்காணலைக் கைவிட்டது. பிரவுன் பல்கலைக்கழகம் அதற்கு மாற்றாக, மாணவர் தாமே பதிவு செய்து அனுப்பும் சிறு காணொளியை ஏற்றது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலியன தொடர்ந்து நடத்துகின்றன. விண்ணப்பித்த அனைவர்க்கும் அழைப்பு வருவதில்லை. நேர்காண்பவர் ஊதியமின்றித் தொண்டாகச் செய்பவர்; ஓர் ஊரில் அவர் இல்லையெனில் சந்திப்பும் இல்லை. அழைப்பு வாராமை குறையாகக் கருதப்படுவதில்லை.

சந்திப்பு பெரும்பாலும் நூலகம், காப்பிக் கடை, அலுவலகம் போன்ற பொதுவிடங்களில் நிகழும். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் கணினித் திரைவழி நிகழ்வதும் மிகுதி. அரை மணி முதல் ஒரு மணி வரை நீளும். நேர்காண்பவரிடம் மாணவரின் மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் இராது. ஆகவே அதனை ஒப்புவிப்பதிற் பயனில்லை. எந்தப் பாடம் உன்னை ஈர்க்கிறது, ஏன்? அண்மையில் என்ன படித்தாய்? பள்ளி நேரம் போக எதில் ஈடுபடுகிறாய்? இக்கல்லூரியை ஏன் விரும்புகிறாய்? என்பன போன்ற வினாக்களே வரும். இறுதியில், "நீ கேட்க விரும்புவது உண்டா?" என்பார். அப்போது வாய்மூடி இருத்தல் கூடாது. அக்கல்லூரியில் வாழ்ந்தவர் எதிரே அமர்ந்திருக்கிறார். அங்கு அவருக்கு இனித்தது எது, கடினமாக இருந்தது எது என்று கேட்கலாம்.

பின்னர் அவர் எழுதும் அறிக்கை, விண்ணப்பத்திலுள்ள பல தாள்களுள் ஒன்று. அதன் எடை சிறிது. அதனால் மட்டுமே இடம் கிடைத்தவரும் குறைவு. அதனால் மட்டுமே இழந்தவரும் குறைவு. முடிவு செய்பவர் நேர்காண்பவர் அல்லர் என்பதை நினைவில் வைத்தால் அச்சம் பாதி தீரும்.

ஆசிரியர் கடமை

நம் வகுப்பறைகளில் மாணவர், கேட்டால் மட்டும் விடை சொல்லப் பழகியவர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று வீட்டிலும் கேட்டு வளர்ந்தவர். இவை நற்பண்புகளே. ஆயினும் தன்னைப் பற்றி உண்மை கூறுதல் தற்புகழ்ச்சி ஆகாது. பள்ளி முடிந்ததும் தங்கையைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதும், தந்தையின் கடையிற் கணக்கு எழுதுகிறேன் என்பதும், தமிழ் நாடகத்தில் நடித்தேன் என்பதும் சொல்லத்தக்க செய்திகளே. இவற்றைச் சிறியனவென்று கருதி மறைத்துவிட்டு, எங்கோ மனப்பாடம் செய்த பெரிய சொற்களை ஒப்புவிக்கும் மாணவரே தோற்கின்றார்.

ஆகவே ஆசிரியர் வாரத்தில் ஒரு நாளேனும் மாணவரை எதிரே அமர்த்தி, சரி தவறு என்று திருத்தாமல், "உன் எண்ணம் என்ன?" என்று கேட்டுப் பொறுமையோடு செவிசாய்க்கட்டும். அமெரிக்காவுக்குச் செல்பவர் சிலரே. ஆனால் வேலைக்கும் உதவித்தொகைக்கும் நேர்காணல் காணாத மாணவர் எவரும் இலர்.

முகத்தைப் பார்த்து மட்டும் அகத்தை அளந்தவர்கள் தவறினர் என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. பேசுவதற்கு மாணவரும், கேட்பதற்கு மூத்தவரும் பழகுவார்களாயின், அகத்தின் அழகு முகத்தில் தெரியாவிடினும் சொல்லில் தெரியும்.