ரொட்டியும் பால்பொடியும்: ஜப்பானியப் பள்ளி மதிய உணவின் வரலாறு

ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் மதிய உணவு போட்டவர்கள் புத்த பிக்குகள். வடக்கே யமகாதா மாகாணத்தில் உள்ள ட்சுருவோகா என்னும் ஊரில், தைதொகுஜி கோயில் வளாகத்தில், ஏழைப் பிள்ளைகளுக்கென்று சூஆய் என்ற தனியார் தொடக்கப்பள்ளி ஒன்று நடந்துவந்தது. கட்டுச்சோறு கொண்டுவர வழியில்லாத பிள்ளைகள் அங்கே பலர். அந்த வட்டாரத்தின் பிக்குகள் வீடு வீடாகச் சென்று சூத்திரம் ஓதிப் பிச்சை எடுத்து, கிடைத்ததைக் கொண்டு 1889இல் அவர்களுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். சோற்றுருண்டை, உப்பிட்டுச் சுட்ட சால்மன் மீன், கீரை ஊறுகாய் ஆகியவையே அந்த உணவு. எளிமையானதுதான். ஆனால் அதில் இருந்த ஒவ்வொன்றும் அந்த மண்ணில் அன்றாடம் உண்ணப்பட்டது. அடுத்த நூறாண்டில் பள்ளித் தட்டில் வந்துபோன பல பண்டங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

அரசின் கைக்கு இது வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தமும் வடகிழக்கில் விளைச்சல் பொய்த்ததும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் நிரம்பின. 1932இல் கல்வி அமைச்சகம் முதல்முறையாக மதிய உணவுக்கு நிதி ஒதுக்கியது. அந்த நிதி ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுமே. இருந்தாலும், வாங்கிச் சாப்பிடும் பிள்ளை ஏழை என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. பிற்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உணவு என்ற கொள்கை உருவானதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர் முற்றியதும் அரிசி ரேஷனுக்குப் போயிற்று. பள்ளிச் சமையலறைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

1945இல் போர் முடிந்தபோது நகரங்கள் சாம்பலாகிக் கிடந்தன. பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அமெரிக்கக் கிறித்துவ அமைப்புகளும் அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய ஜப்பானியர்களும் திரட்டிய பொருள்கள் ‘லாரா’ என்ற நிவாரணத் திட்டத்தின் வழியே கப்பலில் வந்து சேர்ந்தன. 1946 டிசம்பர் 24 அன்று தோக்கியோவில் ஒரு தொடக்கப்பள்ளியில் அவற்றை ஒப்படைக்கும் விழா நடந்தது. அடுத்த மாதமே நாடெங்கும் சுமார் 30 லட்சம் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது. விழா நடந்த நாளையே முதலில் பள்ளி உணவின் நினைவு நாளாக அறிவித்தார்கள். ஆனால் அது குளிர்கால விடுமுறையில் விழுகிறது. அதனால் ஒரு மாதம் தள்ளி, ஜனவரி 24 முதல் 30 வரை பள்ளி உணவு வாரம் என்று வைத்துவிட்டார்கள்.

1949இல் யூனிசெஃப் பால்பொடி அனுப்பியது. 1950இல் அமெரிக்கா கொடுத்த கோதுமை மாவைக் கொண்டு எட்டுப் பெருநகரங்களில் ரொட்டி, பால், தொடுகறி என்று முழு உணவு தொடங்கியது. மறு ஆண்டே, அமைதி ஒப்பந்தம் நெருங்கியதால், அந்த மாவுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க நிதி நின்றது. திட்டத்தைக் கைவிடக் கூடாது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் நாடெங்கும் குரல் கொடுத்தார்கள். அதன் பயனாக 1954இல் பள்ளி உணவுச் சட்டம் பிறந்தது. சமையலறையையும் சமைப்பவர்களின் சம்பளத்தையும் உள்ளாட்சி பார்த்துக்கொள்ளும், உணவுப் பொருளின் செலவைப் பெற்றோர் ஏற்பார்கள் என்று அது வகுத்தது.

அதே 1954இல் அமெரிக்காவில் இன்னொரு சட்டம் நிறைவேறியது. கிடங்குகளில் தேங்கிக் கிடந்த கோதுமையை வெளிநாடுகளுக்குச் சலுகையில் விற்கவும் இலவசமாகக் கொடுக்கவும் வழிசெய்த ‘பிஎல் 480’ அது. இந்தியாவுக்குக் கோதுமைக் கப்பல்கள் வந்ததும் இதே சட்டத்தின் கீழ்தான். ஜப்பானுக்கு வந்த கோதுமையில் ஒரு பகுதி பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அதில் அன்பு இருந்தது. வியாபாரக் கணக்கும் இருந்தது. பத்து வயதில் ரொட்டி பழகிய நாக்கு ஐம்பது வயதிலும் ரொட்டி கேட்கும் என்பதை அமெரிக்கக் கோதுமை விவசாயிகளின் சங்கங்கள் நன்றாகவே அறிந்திருந்தன. கணக்கு தப்பவில்லை. சோறு உண்ட நாட்டில் காலை உணவாக ரொட்டி வேரூன்றியதற்குப் பள்ளித் தட்டு பெரிதும் துணைநின்றது.

அந்தத் தலைமுறையினரிடம் பள்ளி உணவைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது பாலைப் பற்றிய புகார்தான். கொழுப்பு நீக்கிய பால்பொடியை வெந்நீரில் கரைத்து அலுமினியக் குவளைகளில் ஊற்றுவார்கள். அதன் வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததாகப் பலர் நினைவுகூர்கிறார்கள். 1960களில் அது மெல்ல மெல்லப் போய்ப் புட்டிப்பால் வந்தது. மலிவான புரதமாகத் திமிங்கில இறைச்சி இருந்தது. சோயா சாற்றில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுப்பார்கள். ரொட்டியும் காய்ந்து விறைத்துத்தான் கிடக்கும். அதை உண்ணத்தக்கதாக மாற்ற 1950களில் தோக்கியோவின் ஒரு பள்ளிச் சமையற்காரர் எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவினார். உடல்நலமின்றி வராத பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பும் ரொட்டி வழியிலேயே காய்ந்துபோவதைப் பார்த்து அவருக்குத் தோன்றிய வழி அது. ‘அகேபான்’ என்ற அந்தப் பண்டம் இன்றும் பள்ளிகளில் விருப்பத்துக்குரியது. தட்டில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்ற விதி கடுமையாக இருந்தது. உண்டு முடிக்காத பிள்ளை, மற்றவர்கள் விளையாடப் போன பின்னும் வகுப்பைப் பெருக்கத் தொடங்கிய பின்னும், தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒழுக்கம் என்ற பெயரில் நடந்த கொடுமை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

சோறு பள்ளித் தட்டுக்குத் திரும்பியதும் பிள்ளைகளின் விருப்பத்தால் அல்ல. மக்கள் சோற்றைக் குறைத்துக்கொள்ள, 1960களின் இறுதியில் அரசுக் கிடங்குகளில் அரிசி மலையாகக் குவிந்தது. 1970இல் நெல் பயிரிடும் பரப்பையே குறைக்க அரசு இறங்கியது. மிஞ்சிய அரிசியைச் செலவழிக்க வழி தேடியபோது பள்ளிகள் கண்ணில் பட்டன. 1976இல் பள்ளி உணவில் சோறு முறைப்படி இடம்பெற்றது. முன்பு அமெரிக்காவின் மிச்சத்தை உண்ட பிள்ளைகள் இப்போது சொந்த நாட்டின் மிச்சத்தை உண்டார்கள். இன்று வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் சோறுதான். மீனோ இறைச்சியோ, காய்கறி, மிசோ சூப் ஆகியவை உடன் வரும். பால் மட்டும் இடம் மாறவில்லை. சோற்றுக்குப் பால் பொருந்துமா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

1996 ஜூலையில் ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் பள்ளி உணவு வழியே ஓ-157 கிருமி பரவியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்றார்கள். சிறுமியர் மூவர் இறந்தார்கள். முளைவிட்ட முள்ளங்கிக் கீரை மேல் சந்தேகம் விழுந்தது. நாடெங்கும் அதன் விற்பனை படுத்துவிடவே, நலத்துறை அமைச்சர் நவோதோ கான் கேமராக்களின் முன்னால் அந்தக் கீரையை உண்டு காட்டினார். மறு ஆண்டு கடுமையான சுகாதார விதிகள் வந்தன. ஒவ்வொரு உணவிலும் 50 கிராம் எடுத்து உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் உண்பதற்கு அரை மணி நேரம் முன்பாகவே தலைமையாசிரியரோ பொறுப்பாளர் ஒருவரோ உண்டு பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பள்ளிகளில் தனி உணவுக்கூடம் கிடையாது. முறை வைத்து வரும் பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, பாத்திரங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அதே உணவை ஆசிரியரும் அங்கேயே உண்கிறார். வார இறுதியில் மேலங்கியை வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்துவருவதும் அந்தப் பிள்ளையின் வேலை. 2005இல் உணவுக் கல்விக்கென்று அடிப்படைச் சட்டம் ஒன்று வந்தது. ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடமும் அப்போதுதான் உருவானது. வட்டாரத்தில் விளைவதைப் பள்ளிச் சமையலில் சேர்க்க வேண்டும் என்பது இன்று எங்கும் வலியுறுத்தப்படுகிறது.

1954இன் கட்டண ஏற்பாடு எழுபது ஆண்டுகள் ஏறக்குறைய அப்படியே நின்றது. 2023 கணக்கெடுப்பின்படி, அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு மாதம் சராசரியாக 4,688 யென்னைப் பெற்றோர் கட்டினார்கள். அதே ஆண்டு உள்ளாட்சிகளில் சுமார் மூன்றில் ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணத்தை நீக்கியிருந்தது. 2026 நிதியாண்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் மதிய உணவை நாடெங்கும் இலவசமாக்குவது என்று 2025இல் ஆளுங்கட்சிகளும் ஓர் எதிர்க்கட்சியும் உடன்பட்டன.