செட்டிநாட்டு மாளிகைகளும் விருந்தினர் விளையாட்டும்

பண்டை மாளிகைகளைப் பற்றி எழுதுவோர் தூணையும் கதவையும் தளத்தையும் விரித்துரைப்பர். அவற்றிற்கு வந்த விருந்தினர் பொழுதினை எங்ஙனம் கழித்தனர் என ஆராய்வார் சிலரே. விளையாட்டுச் சிறு பொருளன்று. ஒரு சமுதாயம் தன் நிலத்தை யார்க்கு உரியதாகக் கருதிற்று என்பதனை அஃது உணர்த்தும். இக்கருத்தினைச் செட்டிநாட்டின்கண் வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் மேலைநாட்டுக் கோட்டைகளை நோக்குவோம். ஆண்டு வேட்டையும், பழக்கிய வேட்டைப் பறவைகளைப் பறக்கவிடுதலும் விருந்தினர்க்குரிய சிறந்த ஆடல்களாக விளங்கின. 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர், பெருங்காடுகளை அரசனது வேட்டைக்கென வரையறுத்து, அங்கு மானைக் கொன்ற குடிமக்களை ஒறுத்தனர். எனவே, கோட்டையாரின் ஆடுகளம் பிறர்க்கு அடைக்கப்பட்ட களமாயிற்று. அயர்லாந்தின் ஆசுபோர்டுக் கோட்டை இன்று விடுதியாயினும், வேட்டைப் பறவை பழக்கும் கலை ஆண்டுத் தங்குவோர்க்கு இன்றும் கற்பிக்கப்படுகின்றது.

செட்டிநாட்டின் நிலை வேறு. பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் பொருளீட்டிய நகரத்தார் எழுப்பிய பெருமனைகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவன. அண்ணாமலை அரசர் 1912-இல் கானாடுகாத்தானில் கட்டிய அரண்மனை இம்மரபிற் பெயர் பெற்றது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என இம்மனைகள் உள்நோக்கி நீளுமேயன்றி, வேட்டைக் காட்டினைச் சூழக் கொண்டவை அல்ல. தாயம், பல்லாங்குழி, மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலியாட்டம் ஆகியன திண்ணைக்கும் வளவிற்கும் உரியவை. வெளியாடல் காண விழைந்த விருந்தினர் வாயில் கடந்து பொட்டலுக்கும் கண்மாய்க்கும் செல்லல் வேண்டும். அங்ஙனம் சென்றவழி, அவர் ஒரு வீட்டின் விருந்தினராதல் ஒழிந்து ஊரின் விருந்தினராயினர். இதுவே யாம் வற்புறுத்த விரும்பும் வேறுபாடு.

இதற்குச் சான்றாவன மூன்று. முதலாவது மஞ்சுவிரட்டு. காரைக்குடியை அடுத்த சிராவயலில் தை மூன்றாம் நாள் இது நிகழும். வாடிவாசல் வழியே காளைகளை ஒவ்வொன்றாக விடும் சல்லிக்கட்டினின்று இது வேறுபட்டது. தொழுவினின்று அவிழ்க்கப்படுபவையன்றி, ‘கட்டுமாடு’ எனப் பொட்டலிலேயே அவிழ்க்கப்படும் காளைகளும் பல. முல்லைக்கலி கூறும் ஏறுதழுவலை இஃது நினைவூட்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2017-இன் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும், அச்சட்டத்தை ஏற்ற 2023-இன் தீர்ப்பும் அறிஞர் அறிந்தனவே. களம் திறந்ததாகலின், காண வந்தோரும் உயிரிழந்த நிகழ்ச்சிகள் உண்டு என்பதனை மறைத்தல் ஆகாது.

இரண்டாவது மாட்டுவண்டிப் பந்தயம். பெரியமாடு, நடுமாடு, பூஞ்சிட்டு என வகைப்படுத்தி ஊர்ச்சாலையிலேயே வண்டிகளை ஓட்டுவர். மூன்றாவது, கோடையில் கண்மாய் நீர் வற்றுங்கால் நிகழும் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியோர் கரையில் நின்று வெள்ளைத் துண்டினை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையும் ஏந்தி அனைவரும் ஒருங்கே இறங்குவர். பிடித்த மீன் பிடித்தவர்க்கே உரியது. மேலைநாட்டு வேட்டைக் காட்டிற்கு இதனினும் தெளிந்த மறுதலை இல்லை எனலாம்.

ஊர்ப்பொது எக்காலத்தும் எல்லார்க்கும் ஒப்ப உரியதாயிருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. நீர்த்துறையிலும் களத்திலும் சாதி வேலி நின்றதனை வரலாறு அறியும். எனினும், அவ்வேலியை நீக்குதல் வேறு. பொதுநிலத்தையே இழத்தல் வேறு.

இவ்விழப்பே இன்று அஞ்சத்தக்கது. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் நகரத்தார் செல்வம் பெரிதும் குன்றிற்று. மனைகள் பல பூட்டப்பட்டன. சில இடிக்கப்பட்டுத் தேக்கும் தூணும் விலையாயின. 1999-இல் காரைக்குடியில் ‘பங்களா’ விருந்தகமாகத் திறக்கப்பட்டது. பின்னர்க் கானாடுகாத்தான் முதலிய ஊர்களிலும் மனைகள் சில விடுதிகளாயின. இம்மாற்றம் மனைகளைக் காத்தது, அதனைப் போற்றுகின்றோம். மிதிவண்டி உலா, மாட்டுவண்டிச் செலவு, நீச்சற்குளம் ஆகியன இன்றைய விருந்தினர்க்கு உண்டு. ஆயின், கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டி, பொட்டல் மனைப்பிரிவாகுமாயின், அம்மாட்டுவண்டி எதனைக் காட்டச் செல்லும்?

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன. தனி மனைகளன்றி ஊர்த்தொகுதிகளே ஆண்டுக் குறிக்கப்பட்டமை கருதத்தக்கது. மனையின் ஓட்டுக்கூரையில் விழும் மழைநீரை ஊருணிக்குச் செலுத்தும் அமைப்பும் மனையையும் பொதுவையும் பிணைப்பதேயாம். ஆகவே, மனைகளை அளந்து பதிவோர் தொழுவையும் பொட்டலையும் கண்மாயையும் ஊருணியையும் உடன் அளந்து பதிதல் வேண்டும். களமின்றி மனை மட்டும் எஞ்சுமாயின், அதனுள் தங்குவோர் இருப்பர். ஊர்க்கு விருந்தினர் இரார்.